பக்கம் திருப்ப ஒரு சர்வேயர்

"மாமா, உங்க பேரைக் கொடுத்துட்டேன்" என்றாள் மருமகள், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

சர்வேயர் செய்தித்தாளை நான்காக மடித்து மேசைமேல் வைத்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். அவருடைய அப்பாவும் சர்வேயர். தாத்தா அளவுச் சங்கிலி பிடித்தவர். அவர்கள் அளந்து நட்ட எல்லைக் கல்லை இன்றுவரை ஒருவரும் அசைத்ததில்லை. ஒருமுறை சொன்ன அளவை மாற்றிச் சொல்லும் வழக்கம் மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் இல்லை.

"எதுக்குக் கொடுத்தே?"

"சனிக்கிழமை எங்க கொயர் கச்சேரி இருக்கில்ல? பியானோ டீச்சருக்கு அவங்க தங்கச்சிதான் எப்பவும் பக்கம் திருப்புவாங்க. இன்னைக்கு ஒத்திகை முடிஞ்சு போறப்ப படியில விழுந்து இடது கை முறிஞ்சுபோச்சு. டாக்டர் தலையில கை வச்சு உக்காந்துட்டார். நோட்ஸ் படிக்கத் தெரிஞ்ச ஆளு வேணுமே, மேடையில பக்கத்துல உக்கார. எங்க மாமாவுக்குத் தெரியுமேன்னு சொல்லிட்டேன்."

டாக்டர் என்றது பல் டாக்டரை. அந்தப் பாடகர் குழுவை நடத்துபவர் அவர். வங்கிக் கிளார்க்குகள், இரண்டு நர்சுகள், ஒரு தையல்காரர், ஒரு லாரி ஆபீஸ் மேனேஜர் என்று முப்பது பேர் புதன்கிழமைதோறும் சமூகக்கூடத்தில் கூடி, நான்கு குரலாகப் பிரிந்து, ஆங்கிலப் பாட்டுகள் பாடுவார்கள். வாயை நன்றாகத் திறக்கச் சொல்வது டாக்டருக்குத் தொழிலாகவே இருந்ததால் குழு நன்றாக நடந்தது.

சர்வேயர் மடித்த செய்தித்தாளை மறுபடி விரித்தார். கூடத்தின் மறு கோடியில் துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவியும், மடித்த துண்டை உதறி மறுபடி மடித்தாள்.

விஷயம் இதுதான். ஆறு மாதங்களுக்கு முன் சம்பந்தி வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வரான சம்பந்தி சாய்வு நாற்காலியில் சாய்ந்து, எங்க வீட்டில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் மேல்நாட்டு இசைக்குறிப்பு படிக்கத் தெரியும், அதனால்தான் என் பெண் கொயரில் பாடுகிறாள் என்றார். சொன்னதோடு நிற்காமல், "உங்க பக்கம் அதெல்லாம் உண்டா சம்பந்தி?" என்று இரக்கத்தோடு கேட்டார். அந்த இரக்கம்தான் சர்வேயருக்குப் பொறுக்கவில்லை. "ஏன் இல்லாம? நான் சின்ன வயசிலேயே படிச்சதுதான்" என்று சொல்லிவிட்டார். அதைப் பொய் என்று சொல்வது சரியாகாது. குடும்ப கௌரவத்தைக் காக்கப் போன இடத்தில் அளவு சற்றுக் கூடிப்போயிற்று, அவ்வளவுதான்.

மருமகள் உள்ளே போனதும் மனைவி மெல்லக் கேட்டாள். "ஏங்க, உங்களுக்கு விசிலே ஒழுங்கா அடிக்க வராதே."

"பக்கம் திருப்பறதுக்கு விசில் எதுக்கு?"

"தெரியாதுன்னு சொல்லிடுங்க. நம்ம பொண்ணு மாதிரிதானே அவ."

சொல்லியிருப்பார். சொல்ல வாயெடுத்த நேரம் தொலைபேசி அடித்தது. சம்பந்தி. செய்தி அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"கேள்விப்பட்டேன் சம்பந்தி. ரொம்ப சந்தோஷம். நான் முதல் வரிசையில உக்காரப் போறேன். அதே புத்தகம் என்கிட்டயும் இருக்கு. மடியில விரிச்சு வச்சுக்கிட்டு, நீங்க ஒவ்வொரு பக்கம் திருப்பறப்பவும் நானும் கூடவே திருப்பிக்கிட்டு வரப்போறேன்."

சர்வேயர் ரிசீவரை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். மனைவி துண்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலையே மருமகளின் பாட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். விடியலைப் பற்றிய ஓர் ஆங்கிலப் பாட்டு, ஆறு பகுதியாக. நாற்பத்தெட்டுப் பக்கம். ஐந்தைந்து கோடுகள், அவற்றின்மேல் கறுப்புப் புள்ளிகள். நில வரைபடமாக இருந்தால் புள்ளிக்குப் புள்ளி தூரம் சொல்லிவிடுவார். இதில் அளவுகோல் போடவில்லை. வடக்கு எது என்றுகூடக் குறிக்கவில்லை. இப்படி ஒரு வரைபடத்தைக் கீழ்நிலை ஆள் கொண்டுவந்து நீட்டியிருந்தால் அப்போதே திருப்பி அனுப்பியிருப்பார்.

ஆனால் எந்த நிலத்தையும் அளக்க ஒரு வழி இருக்கும் என்பது அவர் அனுபவம். இருபத்துநான்கு தடவை தாளைத் திருப்பினால் புத்தகம் முடிகிறது. ஒவ்வொரு தாளுக்கும் எத்தனை நிமிடம் என்று தெரிந்துவிட்டால் கைக்கடிகாரம் போதும். புள்ளிகளை யார் பார்க்கப்போகிறார்கள்?

வியாழக்கிழமை காலை, "ஒரு தடவை முழுசாப் பாடிப் பாரும்மா, கேட்கணும்போல இருக்கு" என்றார். மருமகளுக்கு முகம் மலர்ந்தது. புத்தகத்தைச் சமையலறையில் சர்க்கரை டப்பாவின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, காய் நறுக்கியபடியே பாடத் தொடங்கினாள். சர்வேயர் வாசற்படி அருகே செய்தித்தாளை விரித்துப் பிடித்து, அதன் பின்னால் கைக்கடிகாரமும் பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்தார். அவள் முழங்கையால் தாளைத் தள்ளும்போதெல்லாம் ஒரு கோடு, ஒரு எண்.

முதல் நான்கு தாளும் ஒழுங்காகப் போயின. ஐந்தாவதில் அவள் பாடாமல் சும்மா நின்றாள். மற்ற குரல்கள் பாடும் இடமாம், மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாளாம். அவள் எண்ணியது எவ்வளவு வேகத்தில் என்று கேட்க முடியுமா? ஏழாவதில் எண்ணெய் காய்ந்துவிட்டது, பாட்டு நின்றது. எட்டாவது தாளில் அவள் அம்மா தொலைபேசியில் வந்தாள்.

எல்லாம் முடிந்தபோது நோட்டில் ஒரு பட்டியல் இருந்தது. 'எட்டாம் தாள்: பதினேழு நிமிடம்' என்று அதில் எழுதியிருந்தது.

மனைவி தோளுக்குப் பின்னால் நின்று மொத்தத்தைப் பார்த்தாள். "சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிச்சா, பாட்டுல சொல்ற விடியலே வந்துடும்போல இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை அவருக்கு வேறு ஒரு வெளிச்சம் கிடைத்தது. புள்ளிகளுக்குக் கீழே பாட்டின் சொற்கள் அச்சிட்டிருந்தன. ஆங்கிலச் சொற்கள். ஆங்கிலத்தில் சர்வேயரை அசைக்க ஆள் கிடையாது. முப்பத்தோரு ஆண்டுகள் மேலதிகாரிகளுக்கு அவர் எழுதிய அறிக்கைகளில் ஒரு காற்புள்ளியைக்கூட யாரும் திருத்தியதில்லை. பாடுகிற சொல்லைக் காதால் கேட்டு, தாளின் கடைசிச் சொல் வந்ததும் திருப்பிவிட்டால் தீர்ந்தது. இதை முதல் நாளே யோசிக்காமல் காய் நறுக்கலுக்குக் கணக்குப் போட்டதை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நீள அட்டையில் ஒவ்வொரு தாளின் கடைசிச் சொல்லையும் எழுதத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கியது. பாடகர்கள் நான்கு வகை. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி வரி. மேல் குரல்காரர்கள் 'மார்னிங்' என்று முடிக்கும் இடத்தில் கீழ்க் குரல்காரர்கள் அதற்கு முந்தைய வரியையே இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரே வீட்டில் நான்கு பேர் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்காமல் ஒரே விஷயத்தைப் பேசுவதுபோல் இருந்தது. சில சொற்களைப் பாதியில் வெட்டி, அடுத்த தாளில் மீதியை வைத்திருந்தார்கள். ஒரு சொல்லை மூன்று தாள் நீளத்துக்கு இழுத்திருந்தார்கள். அட்டையை எழுதி முடித்துச் சரிபார்த்தபோது, இருபத்துநான்கில் பதினொரு தாளுக்குக் கடைசிச் சொல் 'மார்னிங்'தான்.

"காய்ச்சல்னு சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி, கதவைத் திறந்து.

"பொய் சொல்லச் சொல்றியா என்னை?" என்றார் சர்வேயர்.

அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் முகத்தில் இருந்த நேர்மையைப் பார்த்து அவள் அந்த யோசனையைக் கைவிட்டாள். துணிக்கொடியிலிருந்து இரண்டு கிளிப்புகளை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். மேடையில் மின்விசிறி இருக்கும், தாள் பறக்கும், அதற்காவது இது உதவட்டும் என்றாள்.

சனிக்கிழமை சர்வேயர் தேய்த்த சட்டையும் கறுப்புக் காலணியுமாகச் சமூகக்கூடத்துக்குப் போனார். நிமிர்ந்த முதுகு, சட்டைப் பையில் அட்டை, கால்சட்டைப் பையில் கிளிப்புகள். மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் டாக்டர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"வாங்க சார். நல்ல நேரத்துல கை கொடுத்தீங்க. ஒண்ணும் கஷ்டமில்ல. டீச்சர் தலையை அசைப்பாங்க, நீங்க திருப்பிடுங்க. அவங்க தங்கச்சி அப்படித்தான் செய்வாங்க, நான் பார்த்திருக்கேன்."

சர்வேயருக்குக் கால் தரையில் பாவவில்லை. தலையசைத்தால் திருப்ப வேண்டும். இவ்வளவுதானா? இதற்கா மூன்று நாள் தூக்கத்தைத் தொலைத்தார்? பையிலிருந்த அட்டையை எடுத்து இரண்டாகக் கிழித்து, அங்கிருந்த குப்பைக் கூடையில் போட்டுவிட்டார்.

பியானோ டீச்சர் மூலையில் ஒரு நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். கறுப்புக் கண்ணாடி, மேடை விளக்கு ஆகாது என்று காரணம் சொன்னார்கள். யாரையும் திரும்பிப் பார்க்காத நிமிர்வு. நல்ல குடும்பம் என்று சர்வேயர் முதல் பார்வையிலேயே முடிவுசெய்தார். பக்கத்தில் கட்டுப்போட்ட கையைக் கழுத்திலிருந்து ஒரு துணியில் தொங்கவிட்டுக்கொண்டு தங்கை நின்றாள். அவள்தான் சர்வேயரை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"சார் ரொம்ப நல்லா நோட்ஸ் படிப்பீங்களாமே?"

"ஏதோ கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

இது என்ன நேர்முகத் தேர்வா என்று அவருக்குச் சுருக்கென்றது. "தேவையான அளவுக்கு" என்றார் விறைப்பாக. தங்கையின் முகம் வெளிறியது. தன் தோரணைக்குக் கிடைத்த மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

மணி அடித்ததும் டீச்சர் எழுந்து, "கையைக் கொடுங்க சார்" என்றார். சர்வேயர் முழங்கையை மடித்து நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ராணிபோல் நடந்துவந்தார் அந்த அம்மாள். மேடைக்கு ஏறும் இடத்தில், "எத்தனை படி?" என்றார்.

"மூணு. ஒவ்வொண்ணும் ஏழு அங்குலம்" என்றார் சர்வேயர். அளவு கேட்டு நடக்கும் மனிதர்களை அவருக்கு எப்போதும் பிடிக்கும்.

பியானோவின் முன் டீச்சர் உட்கார்ந்து விரலால் கட்டைகளின் ஓரத்தை ஒருமுறை தடவினார். சர்வேயர் இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தின் முதல் பக்கத்தை விரித்து வைத்தார். அது பழைய புத்தகம். தையல் விட்டுப்போய்த் தாள்கள் ஒன்றையொன்று நம்பிக்கொண்டு இருந்தன. எதிரே மேடையில் முப்பது பேர். இரண்டாம் வரிசையில் மருமகள். கீழே முதல் வரிசையில் சம்பந்தி, மடியில் புத்தகம், மூக்கின் நுனியில் கண்ணாடி.

"டாக்டரைப் பார்க்கத் தோதா நாற்காலியை நகர்த்தட்டுமா அம்மா?" என்று சர்வேயர் மரியாதையாகக் கேட்டார்.

"வேண்டாம். அவர் மூச்சிழுக்கிற சத்தம் கேட்டாப் போதும் எனக்கு."

கலைஞர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று சர்வேயர் நினைத்தார். டாக்டர் கையை உயர்த்தி மூச்சை இழுத்தார். டீச்சரின் விரல்கள் இறங்கின. கூடவே தலையும் அசைந்தது.

சர்வேயர் திருப்பினார்.

தலை மறுபடி அசைந்தது. இவ்வளவு சீக்கிரமா என்று தோன்றினாலும் திருப்பினார். மறுபடி அசைந்தது. மறுபடி. பாடகர்கள் முதல் வரியின் முதல் சொல்லிலேயே இன்னும் இருந்தார்கள். புத்தகம் ஏழாவது தாளுக்குப் போய்விட்டது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த அம்மாள் தாளத்துக்குத் தலையசைக்கிறார். ஒவ்வொரு அடிக்கும் அசைக்கிறார். அதில் எந்த அசைவு இசைக்கு, எந்த அசைவு தனக்கு?

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குப்பைக் கூடையில் கிடந்த அட்டையை நினைத்துக்கொண்டார். உதவிக்கு மருமகளைப் பார்த்தார். அவர் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். பாடிக்கொண்டே பெருமையோடு புன்னகை செய்தாள். முதல் வரிசையைப் பார்த்தார். சம்பந்தி வேகவேகமாகத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார், நெற்றியில் வியர்வை. தப்புகளை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று சர்வேயருக்குப் புரிந்தது.

சரி, திரும்பிப் போய்விடலாம் என்று நான்கு தாள்களைப் பின்னோக்கித் தள்ளினார். போதுமா, கூடிவிட்டதா? இரண்டை முன்னால் தள்ளினார். அந்த நேரம் மேலே இருந்த மின்விசிறிக்கு உயிர் வந்து தன் பங்குக்கு ஆறு தாள்களைப் புரட்டியது. சர்வேயர் கிளிப்பை எடுத்து ஒரு மூலையில் மாட்டினார். இன்னொன்றை மறு மூலையில் மாட்டினார். இப்போது காற்றால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவராலும் முடியவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால் பியானோ நிற்கவே இல்லை. ஒரு விரல்கூடத் தடுமாறவில்லை. டீச்சர் நேர் எதிரே பார்த்தபடி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் வாசித்துக்கொண்டே போனார். எதிரில் இருப்பது எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி, தன் மனதிலிருந்து எடுத்து வாசிக்கிறார் என்று சர்வேயருக்குப் புரிந்தது. ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை, ஒரு முறை முறைக்கவில்லை. ஓர் அந்நியன் மானத்தைக் கூட்டத்தின் நடுவில் இப்படி மூடிக் காப்பாற்றுகிற மனிதர்களும் உண்டா?

அந்த நன்றியின் வேகத்தில், இந்த அம்மாளுக்குச் சரியான பக்கத்தை எடுத்துக் கொடுத்தே தீருவது என்று இரண்டு கிளிப்புகளையும் சேர்த்து இழுத்தார். புத்தகம் தாங்கியிலிருந்து வழுக்கி, கட்டைகளின் ஓரத்தில் மோதி, கீழே விழுந்து, தாள் தாளாகப் பியானோவின் அடியில் பரவியது.

"என்ன விழுந்தது?" என்றார் டீச்சர், உதடு அசையாமல்.

"ஒண்ணுமில்லம்மா. தாள்."

"எல்லாரும் பார்க்கிறாங்களா?"

"பார்க்கிறாங்க."

"அப்ப எடுத்து வச்சுத் திருப்புங்க. சும்மா உக்காராதீங்க."

குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் பொது இடத்தில் தவழ்ந்ததில்லை. சர்வேயர் தவழ்ந்தார். பியானோவின் அடியில் முழங்காலிட்டு, பக்க எண் பார்த்து ஒவ்வொன்றாக அடுக்கினார். ஒரு தாள் டீச்சரின் காலுக்கும் மிதிகட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. கால் மேலே எழும்போது இழுக்க வேண்டும், கீழே வரும்போது விட வேண்டும். எழுந்தது, இழுத்தார், இறங்கியது, விட்டார், எழுந்தது, இழுத்தார். அந்த மாலையில் அவர் தாளம் தப்பாமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

எழுந்து, அடுக்கிய புத்தகத்தைத் தாங்கியில் வைத்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இனி எந்தத் தலையசைவையும் நம்புவதில்லை என்று முடிவுசெய்தார். அலுவலகத்தில் கோப்பில் கையெழுத்துப் போடுவதுபோல், ஓர் ஒழுங்கான இடைவெளி விட்டு, நிமிர்ந்த முதுகோடு, ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். பார்ப்பவர்களுக்கு அது மிகவும் நிதானமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாவது பகுதி முடிந்து ஆறாவது தொடங்கியபோதுதான் பக்கத்தை உற்றுப் பார்த்தார்.

ஆங்கில எழுத்துகள் எல்லாம் தலையைக் கீழே வைத்துக் காலை மேலே தூக்கி நின்றன. புத்தகம் தலைகீழாக இருந்தது.

எடுத்து நேராக வைக்கலாம். ஆனால் மேடையில், நானூறு கண்களுக்கு முன், புத்தகத்தை ஒருவன் சுற்றி வைத்தால் அது ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். சம்பந்தி முதல் வரிசையில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். சர்வேயர் பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், தலைகீழ்ப் புத்தகத்தையே கடைசிவரை திருப்பினார். பாடகர்கள் விடியலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் முதல் பக்கத்துக்குத் திரும்பிவந்திருந்தார்.

கைதட்டல் கூரையைத் தொட்டது. டாக்டர் டீச்சரைக் காட்டினார். டீச்சர் எழுந்து தலைகுனிந்தார். பிறகு டாக்டர் சர்வேயரையும் காட்டினார். சர்வேயர் எழுந்து நின்றார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தார்.

கூட்டம் கலையும்போது சம்பந்தி நேராக மேடையோரம் வந்தார். மானம் கப்பலேறும் நேரம் வந்துவிட்டது என்று சர்வேயர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். விழுவதென்றாலும் நிமிர்ந்து விழ வேண்டும்.

"சம்பந்தி, ஒண்ணு கேக்கணும்" என்றார் சம்பந்தி, குரலைத் தாழ்த்தி. "உங்க புத்தகம் வேற பதிப்பா?"

"ஏன்?"

"இல்ல, நீங்க திருப்பறப்பல்லாம் நானும் திருப்பிக்கிட்டே வந்தேன். பாட்டு முதல் சொல்லுல இருக்கறப்பவே எனக்கு ஏழாவது தாள் வந்துடுச்சு. அப்புறம் நீங்க முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தப்பதான் புரிஞ்சது, என் புத்தகத்துலதான் ஏதோ அச்சுப் பிழை. நாளைக்கே வேற வாங்கிடறேன்."

"வாங்கிடுங்க" என்றார் சர்வேயர்.

சம்பந்தி அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். மருமகள் கண் கலங்க வந்து, "மாமா, எங்க அப்பா இதுவரைக்கும் யார் கையையும் ரெண்டு கையால பிடிச்சுக் குலுக்கினதில்ல" என்றாள். மனைவி அவர் முழங்கால் தூசியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் சர்வேயரால் வாசலைத் தாண்ட முடியவில்லை. சம்பந்தியிடம் ஜெயித்தது வேறு. அந்த அம்மாளிடம் பட்ட கடன் வேறு. தன் வாசிப்பே கெட்டுப்போகக்கூடிய நேரத்தில் வாய் திறக்காமல் தன்னைக் காப்பாற்றியவருக்கு உண்மையைச் சொல்லாமல் போனால், அப்பாவின் படத்தை இனி எந்த முகத்தோடு பார்ப்பது? வாழ்க்கையில் முதல்முறையாக, சொன்ன அளவை மாற்றிச் சொல்வது என்று தீர்மானித்தார். "நீங்க போய்க்கிட்டே இருங்க" என்று வீட்டாரை அனுப்பிவிட்டுப் பின்னறைக்குப் போனார்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சர்வேயர் கைகளைக் கட்டிக்கொண்டு அவர் முன் நின்றார். இப்படி அவர் எந்த மேலதிகாரி முன்னும் நின்றதில்லை.

"அம்மா, உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். மேடையில நடந்தது உங்களுக்கே தெரியும். நீங்க பெரிய மனசு பண்ணி..."

டீச்சரின் கையிலிருந்த தம்ளர் அப்படியே நின்றது. தங்கை சட்டென்று குறுக்கே வந்து, நல்ல கையால் சர்வேயரின் முழங்கையைப் பிடித்து நடைக்கு அழைத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

"வேண்டாம் சார், அக்கா முன்னால சொல்லாதீங்க, அவங்க தாங்க மாட்டாங்க" என்றாள். "நோட்ஸ் தெரிஞ்சவர் பக்கத்துல உக்காரப் போறார்னதும் மூணு நாளா எங்களுக்குத் தூக்கமே இல்ல, நாங்க பயந்த மாதிரியே, புத்தகத்தைத் தலைகீழா வச்சுச் சோதிச்சு, அக்காவுக்குக் கண்ணு சுத்தமாத் தெரியாதுன்னு கண்டுபிடிச்சுட்டு, அப்பவும் கடைசிவரைக்கும் காட்டிக்கொடுக்காமத் திருப்பினீங்க பாருங்க, அதுதான் சார் குடும்பம்."